டொயோட்டா 86 காருக்கு எந்த ரிம், எந்த டயர்?

உங்கள் கேள்வியின் சாரம் இது. உங்களிடம் இருப்பது 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86. தொழிற்சாலையில் பூட்டிய 17×7 ரிம்களே (17 அங்குல விட்டம், 7 அங்குல அகலம்) இன்றும் அதில் இருக்கின்றன. அன்றாடம் வேலைக்குப் போய்வருவதும் அந்தக் காரில்தான், எப்போதாவது பந்தயத் தடத்தில் ஓட்டிப் பார்ப்பதும் அதில்தான். சஸ்பென்ஷனில் இன்னும் கை வைக்கவில்லை. ஒரு கடையில் 18×9.5 அளவும் +22 ஆஃப்செட்டும் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைக் காட்டும் எண்) கொண்ட ரிம்களில் 225/40ஆர்18 டயர்களைப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வாங்க வேண்டாம் என்பது என் பதில். அந்தப் பணத்தில் 17×8 அளவில், +45க்கு அருகிலான ஆஃப்செட்டுடன், எடை குறைந்த நான்கு ரிம்களையும் 225/45ஆர்17 அளவில் தரமான ஸ்போர்ட்ஸ் டயர்களையும் வாங்கினால், உங்கள் கார் இன்றைக்கு இருப்பதைவிட எல்லா வகையிலும் மேம்படும். காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன். ஏனென்றால் இந்த விஷயத்தில் பெரும்பாலான தவறுகள் ரசனையால் நிகழ்வதில்லை, கணக்குப் போடாததால் நிகழ்கின்றன.

முதலில் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கடைகளில் ரிம்மைப் பார்த்து மயங்கி, பிறகு அதற்கு ஏற்ற டயரைத் தேடி, கடைசியில் அது காருக்குள் அடங்குமா என்று பார்ப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. காரை எப்படி ஓட்டப்போகிறீர்கள் என்பது டயரின் வகையைத் தீர்மானிக்க வேண்டும். டயரின் அளவு ரிம்மின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். காரில் உள்ள இடம் ஆஃப்செட்டைத் தீர்மானிக்க வேண்டும். இவ்வளவும் முடிவான பிறகு, அந்த அளவில் கிடைக்கும் ரிம்களில் எது உங்கள் கண்ணுக்கு அழகாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். அழகை நான் குறைத்து மதிப்பிடவில்லை; அது கடைசியில் வரவேண்டியது என்று மட்டுமே சொல்கிறேன்.

உங்கள் கார் எப்படிப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு லிட்டர் பாக்ஸர் என்ஜின், 200 குதிரைத்திறன், 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, 1,250 கிலோவை ஒட்டிய எடை. இதன் தலைமைப் பொறியாளரான டெட்சுயா டாடா, டயரின் பிடிப்பு எல்லையை ஓட்டுநர் சாதாரண வேகத்திலேயே உணர வேண்டும் என்று விரும்பினார். அதனால் தொழிற்சாலையிலிருந்து 215/45ஆர்17 அளவில் மிஷ்லின் பிரைமசி எச்.பி. டயர்களோடு இந்தக் கார் வந்தது. அந்த டயர் சிக்கனத்தையும் நீண்ட உழைப்பையும் முன்னிறுத்தும் சாதாரணக் கார் டயர். ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே செய்யப்பட்டதன்று. அதே அளவில், அதே ரிம்மில், ரப்பரை மட்டும் மாற்றினாலே வளைவுகளிலும் பிரேக்கிலும் கிடைக்கும் முன்னேற்றம், அளவை மாற்றுவதால் கிடைப்பதைவிடப் பெரியது. இதற்குப் பின் வந்த ஜி.ஆர். 86 காரின் உயர்வகைக்கு 215/40ஆர்18 அளவில் மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 டயர்களைத் தொழிற்சாலையே பூட்டியது. அகலம் அதே 215தான், மாறியது டயரின் ரகம் என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே முதல் முடிவு டயரின் ரகம். அன்றாடப் பயணமும் மழையும் உண்டு என்றால் பைலட் ஸ்போர்ட் வரிசையையோ அதற்கு இணையான பிற நிறுவனங்களின் டயர்களையோ பாருங்கள். பந்தயத் தடமே முக்கியம் என்றால் டிரெட்வேர் எண் 200 என்று பொறித்த வகைகள் உண்டு, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்.ஈ.-71ஆர்.எஸ்., யோகோஹாமா அட்வான் ஏ.டி.09 போன்றவை அந்த வகையைச் சேர்ந்தவை. இவை சூடேறிய பின் ஒட்டிக்கொண்டு ஓடும். ஆனால் விரைவில் தேயும், இரைச்சல் தரும், தேய்ந்த நிலையில் தேங்கிய நீரில் நம்பத் தகுந்தவை அல்ல. அந்த 200 என்ற எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது தேய்மானத்தைக் குறிக்க அந்தந்த டயர் நிறுவனமே சோதித்துப் பொறிக்கும் எண். பிடிப்பை அளக்கும் எண்ணன்று. இரண்டு நிறுவனங்களின் 200கள் ஒரே போல நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது.

அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் அதே அளவு கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் தரையைத் தொடும் பரப்பின் அளவைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை, அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் பாரமும் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தமும்தான். அகலமான டயரில் அந்தப் பரப்பு நீளத்தில் குறுகி அகலத்தில் விரிகிறது. வளைவில் பக்கவாட்டு விசையைத் தாங்க இந்த வடிவம் உதவுகிறது. வெப்பம் பரவ அதிக ரப்பரும் கிடைக்கிறது. மறுபுறம், தேங்கிய நீரை ஒதுக்கித் தள்ள அகலமான டயர் அதிகம் பாடுபட வேண்டும். 1,250 கிலோ எடையுள்ள காரில் அது சீக்கிரம் மிதக்கத் தொடங்கும். எடை குறைந்த இந்தக் காரில் 245 அகலம் தெருவுக்குத் தேவையே இல்லை. 225 போதும்.

அடுத்தது விட்டம். 215/45ஆர்17 என்பதில் 215 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அதில் 45 விழுக்காடு, அதாவது 96.75 மி.மீ.; 17 அங்குலம் 431.8 மி.மீ. மேலும் கீழும் இரண்டு பக்கச்சுவர்களைச் சேர்த்தால் முழு விட்டம் ஏறத்தாழ 625 மி.மீ. எந்த மாற்று அளவையும் இந்த 625ஓடுதான் ஒப்பிட வேண்டும். 225/45ஆர்17 என்றால் 634 மி.மீ., அதாவது 1.4 விழுக்காடு கூடுதல். 245/40ஆர்17 என்றால் 628, ஏறக்குறைய அதே விட்டம். 215/40ஆர்18 என்றால் 629. கடைக்காரர் சொன்ன 225/40ஆர்18 என்றால் 637, அதாவது 1.9 விழுக்காடு, விட்டத்தைப் பொறுத்தவரை அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் 235/40ஆர்18 போட்டால் 645 ஆகி, 3.2 விழுக்காடு கூடிவிடுகிறது.

இந்தச் சதவீதம் எதற்கு என்று கேட்கலாம். உங்கள் காரின் கியர் விகிதங்கள் 625 மி.மீ. சக்கரத்தை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. மேனுவல் காரின் இறுதி கியர் விகிதம் 4.1. சக்கரத்தின் விட்டம் 3.2 விழுக்காடு கூடினால், அந்த விகிதத்தை 3.97 ஆகக் குறைத்ததற்கு அது சமம். மேல் சுற்றுகளில்தான் உயிர் பெறும் ஒரு என்ஜினுக்கு இது நல்லதன்று. ஒவ்வொரு கியரிலும் கார் சற்றுச் சோம்பலாக எழும். வேகமானியும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டத் தொடங்கும். ஐ.நா. வாகன விதி 39இன்படி வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். அதனால் தயாரிப்பாளர்கள் சிறிது கூட்டியே வைக்கிறார்கள். 1.4 விழுக்காடு பெரும்பாலும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும். 3 விழுக்காட்டைத் தாண்டினால் அடங்கும் என்று சொல்ல முடியாது. என் வரம்பு 2 விழுக்காடு. அதற்கு மேல் போகச் சொல்லி யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

ரிம்மின் அகலத்துக்கு வருவோம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் பொருந்தக்கூடிய ரிம் அகலங்களின் வரம்பைத் தரநிலை அமைப்புகள் வகுத்திருக்கின்றன. டயர் நிறுவனங்களின் விவரப் பட்டியலிலும் அது இருக்கும். 225/45ஆர்17 டயருக்கு அந்த வரம்பு 7 முதல் 8.5 அங்குலம் வரை. 245/40ஆர்17க்கு 8 முதல் 9.5 வரை. 225/40ஆர்18க்கு 7.5 முதல் 9 வரை. கடைக்காரர் தரும் ரிம் 9.5. அதாவது அவர் சொல்லும் சேர்க்கை டயருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லையையே தாண்டியது. டயரை இழுத்து விரித்துப் பூட்டும் இந்தப் பாணி கண்காட்சிக் கார்களிலிருந்து வந்தது. பக்கச்சுவர் சாய்ந்து நிற்பதால் மட்கார்டில் இடிக்காமல் தப்பிக்கலாம் என்பதுதான் அதன் ஒரே பயன். காற்று சற்றுக் குறைந்த நேரத்தில் கடுமையாகத் திருப்பினால் டயரின் ஓரம் ரிம்மின் இருக்கையை விட்டு நழுவும் ஆபத்து இதில் அதிகம். பக்கச்சுவரின் பாதுகாப்பு இல்லாததால் நடைபாதை ஓரக்கல் நேராக உலோகத்தில் உரசும். பந்தயத் தடத்துக்குப் போகும் காரில் இதைச் செய்வது எனக்குப் புரியாத ஒன்று.

இனி ஆஃப்செட். விலை கொடுத்துக் கற்றுக்கொள்பவர்கள் அதிகம் இருப்பது இங்கேதான், ஆகவே நிதானமாகப் பார்ப்போம். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு வரையுங்கள். ஹப்பின் (சக்கரத்தைப் பூட்டும் அச்சுத் தலை) மேல் ஒட்டும் ரிம்மின் முகம் அந்த நடுக்கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறதோ அதுவே ஆஃப்செட். முகம் காரின் வெளிப்புறம் நோக்கித் தள்ளியிருந்தால் அது பிளஸ்; எண் பெரிதாக இருந்தால் சக்கரம் காருக்குள் அதிகம் அடங்கி நிற்கும், எண் குறைந்தால் வெளியே வரும். உங்கள் ரிம் 17×7, +48. ஏழு அங்குலத்தில் பாதி 88.9 மி.மீ. அதிலிருந்து 48ஐக் கழித்தால், ஹப்பின் முகத்திலிருந்து ரிம்மின் வெளி ஓரம் 40.9 மி.மீ. தொலைவில் இருக்கிறது, 48ஐக் கூட்டினால், உள் ஓரம் 136.9 மி.மீ. தொலைவில் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த ரிம்மையும் இவற்றோடு ஒப்பிட்டாலே போதும்.

கடைக்காரரின் 18×9.5, +22 ரிம்மை எடுத்துக்கொள்வோம். பாதி அகலம் 120.65. வெளி ஓரம் 98.65, அதாவது இன்று இருப்பதைவிட ஏறத்தாழ 58 மி.மீ. வெளியே வரும். உள் ஓரம் 142.65, அதாவது ஆறு மி.மீ.கூட உள்ளே போகவில்லை. அகலமாக்கிய இரண்டரை அங்குலத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வெளிப்பக்கம் தள்ளியாகிவிட்டது. தொழிற்சாலை நிலையில் 86இன் சக்கரங்கள் மட்கார்டுக்குள் கொஞ்சம் ஒடுங்கித்தான் நிற்கின்றன என்பது உண்மை. ஆனால் 58 மி.மீ. இடம் அங்கே கிடையாது. கேம்பரைக் கூட்டி டயரின் மேல்பகுதியை உள்ளே சாய்க்கலாமே என்பார்கள். இந்த விட்டத்தில் ஒரு பாகை கேம்பர், டயரின் உச்சியை அச்சிலிருந்து ஐந்து மி.மீ. அளவுக்குத்தான் உள்ளே இழுக்கும். மிச்சத்தைச் சமாளிக்க மட்கார்டின் விளிம்பை மடித்து இழுத்து விரிக்க வேண்டும், அல்லது அகல மட்கார்டு ஒட்ட வேண்டும். உங்களிடம் அதை அவர் சொன்னாரா?

நான் சொல்லும் 17×8, +45ஐ அதே தாளில் போட்டுப் பாருங்கள். வெளி ஓரம் 56.6, உள் ஓரம் 146.6, வெளியே 16 மி.மீ.யை ஒட்டியும் உள்ளே 10 மி.மீ.யை ஒட்டியும் இடம்பெயர்கிறது. ஆனால் உண்மையில் இடிப்பது ரிம் அன்று, டயரின் புடைப்புதான். தொழிற்சாலை டயர் ஏழு அங்குல ரிம்மில் பக்கவாட்டில் இயல்பாகவே புடைத்து நிற்கிறது. எட்டு அங்குல ரிம்மில் 225 டயரின் பக்கச்சுவர் நேராக நிமிர்ந்து நிற்கும். அரை அங்குல ரிம் அகலத்துக்கு டயரின் பக்கவாட்டு அகலம் 5 மி.மீ. அளவில் மாறும் என்ற வழக்கமான கணக்கின்படி பார்த்தால், டயரின் வெளிப்புடைப்பு 11 அல்லது 12 மி.மீ. மட்டுமே வெளியே நகரும், உள்ளே 6 மி.மீ. மட்டுமே நகரும். மட்கார்டைத் தொடாமல், சஸ்பென்ஷனை மாற்றாமல், கேம்பரைத் தேடாமல் இது அடங்கும். காரும் முன்பைவிடக் கம்பீரமாக நிற்கும்.

உள்பக்க எல்லை ஏன் முக்கியம் என்றால், இந்தக் காரின் முன் சஸ்பென்ஷன், ஸ்பிரிங்கும் டாம்பரும் ஒரே தூணாக நிற்கும் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் வகை. டயரின் உட்பக்கச் சுவருக்கு நேரே ஸ்ட்ரட் நிற்கிறது. பின்னால் மேலும் கீழும் இரண்டு கைகள் சக்கரத்தைத் தாங்கும் டபுள் விஷ்போன் வகை இருப்பதால் அங்கே தாராளம் அதிகம். ஆகவே முன்னால் உள்ளே எவ்வளவு இடம், பின்னால் வெளியே எவ்வளவு இடம் என்ற இரண்டு கேள்விகளே இந்தக் காரின் ரிம் அளவைத் தீர்மானிக்கின்றன. பிற்காலத்தில் உயரத்தை மாற்றக்கூடிய காயில்ஓவர் போடும் எண்ணம் இருந்தால், அதன் ஸ்பிரிங் தட்டு டயருக்கு அருகே வரலாம் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்.

ஆஃப்செட்டைக் குறைப்பதால் தோற்றம் மட்டும் மாறுவதில்லை. +48இலிருந்து +22க்குப் போனால், ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்கோடும் 26 மி.மீ. வெளியே போகிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைச் சந்திக்கும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தொலைவை வடிவமைப்பாளர்கள் மிகக் கவனமாக வைத்திருக்கிறார்கள். அந்தத் தொலைவு 26 மி.மீ. மாறும்போது ஸ்டியரிங் கனக்கும், சாலையின் ஒவ்வொரு வரிப்பள்ளமும் கையை இழுக்கும், ஒரு பக்கச் சக்கரம் ஈரத்திலும் மறுபக்கச் சக்கரம் உலர்ந்த தளத்திலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால் கார் ஒருபக்கம் இழுக்கும். சக்கர பேரிங் மீது விழும் நெம்பு விசையும் கூடும். 86ஐ வாங்கியவர்கள் பெரும்பாலும் அதன் ஸ்டியரிங்கிற்காகவே வாங்கினார்கள். அதைக் கெடுத்துக்கொள்ளப் பணம் கொடுக்க வேண்டுமா?

எண்களில் இன்னும் சில பாக்கி உண்டு. அவற்றில் உங்கள் கார் ஒரு வேடிக்கையான பொறியை வைத்திருக்கிறது. பெயர்ப்பலகை டொயோட்டா, ஆனால் கார் தயாரானது குன்மா மாகாணத்தில் உள்ள சுபாருவின் ஆலையில், சுபாருவின் ஹப்புகளோடு. ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டம், நடுத்துளை 56.1 மி.மீ.; நட்டின் புரி 12 மி.மீ. விட்டமும் 1.25 இடைவெளியும் கொண்டது. டொயோட்டாவின் செலிகா, பழைய பிரையஸ் போன்ற கார்களிலும் 5×100 உண்டு. ஆனால் அவற்றின் நடுத்துளை 54.1, உங்கள் ஹப்பின் மேல் ஏறவே ஏறாது. டொயோட்டா என்று சொல்லி நட் கேட்டால் கடையில் 1.5 இடைவெளி உள்ளதைத் தருவார்கள். அதை நட் முறுக்கும் இயந்திரத்தால் முறுக்கினால் ஸ்டட்டின் (ஹப்பில் நீட்டி நிற்கும் போல்ட்) புரி அழிந்துவிடும். கோல்ஃப், ஆடி டி.டி. ஆகியவற்றின் பழைய தலைமுறைகளின் ரிம்களும் 5×100தான், நடுத்துளை 57.1 என்பதால் ஒரு மி.மீ. வளையம் வைத்துப் பொருத்தலாம், ஆனால் அவற்றின் போல்ட் இருக்கை கோள வடிவம், உங்களுடையது 60 பாகைக் கூம்பு. கூம்பு நட்டைக் கோள இருக்கையில் இறுக்கினால் அது ஓர் ஓரத்தில் மட்டுமே தொடும்; இறுகியது போலத் தோன்றி வழியில் தளரும். சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டி.ஐ. ரிம்களைத் தேடுவீர்களானால், 2005 முதல் அதன் வட்டம் 114.3 ஆகிவிட்டது, அதற்கு முந்தையவைதான் உங்களுக்கு ஆகும். வெளிச்சந்தை ரிம்கள் பலவற்றின் நடுத்துளை 73 மி.மீ. அளவில் இருக்கும்; 56.1க்கான வளையத்தைச் சேர்த்தே வாங்குங்கள், அது இல்லாவிட்டால் சக்கரம் நடுவில் உட்காராமல் நெடுஞ்சாலை வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

எடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சக்கரம் நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். ஆகையால் டிரெட்டில் (தரையைத் தொடும் ரப்பர்ப் பட்டையில்) கூடும் ஒரு கிலோ, முடுக்கத்தின்போது காருக்குள் வைத்த இரண்டு கிலோவுக்கு நெருக்கமாக நடந்துகொள்ளும். ஹப்புக்கு அருகில் கூடும் ஒரு கிலோவுக்கு அவ்வளவு விளைவு இல்லை. 17இலிருந்து 18க்குப் போகும்போது நிகழ்வது இதுதான்: உலோகம் மையத்தை விட்டு வெளியே தள்ளிப்போகிறது. 200 குதிரைத்திறன் காரில் அதை உணர முடியும். என்கெய் ஆர்.பி.எஃப்.1 ரிம் 17×8 அளவில் 7 கிலோவுக்குச் சற்றே அதிகம். அந்த வகை எடையை இலக்காக வைத்துத் தேடுங்கள். ரேஸ் (Rays) என்ற ரிம் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த டி.ஈ.37 ரிம்மின் பெயரே 15×6 அளவில் அதன் 3.7 கிலோ எடையிலிருந்து வந்தது. அது வார்ப்பில்லாமல் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்ட் வகை, விலையும் அதற்கேற்றது. வார்ப்பு ரிம் மலிவானது, கனமானது. வார்த்த பிறகு பீப்பாய்ப் பகுதியைச் சூட்டில் உருட்டி மெலிதாக்கும் ஃப்ளோ ஃபார்மிங் வகை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. உங்கள் தேவைக்கு அது போதும்.

எடை குறைவு என்ற ஒன்றை மட்டும் பார்த்து, பெயர் பெற்ற வடிவங்களின் போலிகளை வாங்கிவிடாதீர்கள். ரிம்மின் உட்புறத்தில் ஜே.டபிள்யூ.எல்., வி.ஐ.ஏ. முத்திரைகளும் தாங்கக்கூடிய பாரமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது ஜப்பானின் அலாய் சக்கரத் தரநிலை. இரண்டாவது, சுதந்திரமான அமைப்பொன்று சோதித்ததற்கான சான்று. முத்திரையையும் போலியாக அடிப்பவர்கள் இருப்பதால், அடையாளமற்ற இடத்தில் வாங்குவதற்கு அது மட்டும் காப்பு ஆகாது. டயரின் பக்கம், பாரக் குறியீடு 87க்குக் குறையக் கூடாது. அது சக்கரத்துக்கு 545 கிலோ. 225/45ஆர்17 டயர்கள் வழக்கமாக 91 அல்லது 94 என்று வருவதால் கவலை இல்லை. தயாரிப்பு வாரத்தைக் குறிக்கும் நான்கு இலக்கத்தையும் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். தள்ளுபடி விலைக்குக் காரணம் பல வேளைகளில் அந்த எண்ணில்தான் இருக்கும்.

பின்னால் மட்டும் அகலமான டயர் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். உங்கள் காரில் வேண்டாம். நான்கிலும் ஒரே அளவு என்ற சமநிலையில்தான் இந்தக் கார் டியூன் செய்யப்பட்டிருக்கிறது. பின்னால் பிடிப்பைக் கூட்டினால் முன்பக்கம் வெளியே வழுக்கும் குணம் மிகும், முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்யவும் முடியாது.

உங்களுக்கு 18 அங்குலத் தோற்றம்தான் வேண்டும் என்றால் அதிலும் தவறில்லை. 18×8, +45 ரிம்மில் 225/40ஆர்18 போடுங்கள். இந்த டயர் அளவு கோல்ஃப் ஜி.டி.ஐ. போன்ற கார்களில் பரவலாக இருப்பதால் தேர்வு நிறையக் கிடைக்கும். பக்கச்சுவர் 90 மி.மீ.; 225/45ஆர்17இன் பக்கச்சுவரோ 101. அந்த 11 மி.மீ. வித்தியாசத்தை மோசமான சாலையில் முதுகும், பள்ளத்தில் ரிம்மும் உணரும். பந்தயத் தடத்துக்கென்று தனியாக ஒரு செட் வாங்கும் நிலை வந்தால், 17×9, +45 ரிம்மில் 245/40ஆர்17 பலரும் பயன்படுத்தும் சேர்க்கை. ஆனால் அதில் ரிம்மின் உள் ஓரம் 22 மி.மீ. உள்ளேயும் வெளி ஓரம் 28 மி.மீ. வெளியேயும் போகிறது. முன்னால் கேம்பர் கூட்டியே ஆக வேண்டும், ஸ்ட்ரட்டுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்தே ஆக வேண்டும். இன்றைய நிலையில் உங்கள் காருக்கு அது முன்கூட்டிய செலவு.

காரின் சொந்த நாடான ஜப்பானில் வாகனச் சோதனை இதை எப்படிப் பார்க்கிறது என்பது ஓர் அளவுகோலாக உதவும். சக்கரத்தின் மையத்திலிருந்து முன்பக்கம் 30 பாகையும் பின்பக்கம் 50 பாகையும் கொண்ட மேற்பகுதியில் ரிம் மட்கார்டுக்கு வெளியே நீட்டக் கூடாது. 2017 முதல் டயரின் எழுத்து, பக்கச்சுவரின் மேடு போன்ற புடைப்புகளுக்கு மட்டும் 10 மி.மீ.க்குள் சலுகை உண்டு. நீங்கள் இருக்கும் நாட்டின் விதி எதுவானாலும் அதைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டு, மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் டயர் பூட்டாத ஒரு ரிம்மை முன்னால் மாட்டிப் பாருங்கள். காலிப்பருக்கும் (பிரேக் தட்டைப் பிடிக்கும் பாகம்) ரிம்மின் ஆரத்துக்கும் (ஸ்போக்) இடையே விரல் நுனியாவது போக வேண்டும். தொழிற்சாலை பிரேக்கில் இது பெரும்பாலும் சிக்கலாக இருக்காது. பிற்பாடு வந்த பிரெம்போ பிரேக் வகைகளில் 17 அங்குல ரிம்கள் சிலவற்றின் ஆரம் இடிக்கும். பிறகு டயர் பூட்டிய சக்கரத்தை மாட்டி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, பின் சீட்டில் இருவரை உட்காரவைத்து மேட்டில் மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். மட்கார்டின் உட்புறத்தில் உரசிய பளபளப்பு தெரிந்தால் அங்கேயே நிறுத்தி ஆஃப்செட்டை மாற்றுங்கள். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டான ஸ்பேசர் போட்டுச் சரிசெய்கிறேன் என்று கடையில் சொன்னால், நட் முழுதாக எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணுங்கள். இந்த ஸ்டட்டுக்குப் பத்துச் சுற்றுக்குக் குறையக் கூடாது. நட்டுகளை 120 நியூட்டன் மீட்டர் அளவுக்கு டார்க் ரென்ச்சால் குறுக்கு வரிசையில் இறுக்கச் சொல்லுங்கள், முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் அதே அளவில் நீங்களே ஒருமுறை சரிபாருங்கள்.